சாயப்பட்டறைக்கு எந்த எஸ்.எஸ். ராடு? 316எல் வெல்டிங் மின்முனை பற்றிய மதிப்பீடு

திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறைகளில் துருப்பிடிக்காத எஃகு (எஸ்.எஸ்.) படும் பாடு, பால் பண்ணையிலோ உணவகச் சமையலறையிலோ அது படும் பாட்டைவிடக் கடுமையானது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும்போது, அடர்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு கரைத்த நீர், 60 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகத் தகட்டை உரசிக்கொண்டு ஓடுகிறது. அதற்கு முன்னால் வெளுக்கும் பெராக்சைடு, பின்னால் சோடா, அதற்கும் பின்னால் காரத்தை முறிக்க அசிட்டிக் அமிலம். இதனால்தான் துணியைச் சாயநீரோடு சேர்த்துச் சுழற்றும் சாப்ட்ஃப்ளோ எந்திரங்களின் உட்புறத்தை 304 வகைத் தகட்டில் செய்யாமல், மாலிப்டினம் கலந்த 316 அல்லது 316எல் தகட்டில் செய்கிறார்கள். அந்தத் தகட்டில் விரிசலோ ஊசித்துளையோ விழும்போது பற்றவைக்கக் கையில் எடுக்க வேண்டிய ராடு (பூச்சுள்ள வெல்டிங் மின்முனை) எது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாயநீர் படும் எல்லா இடத்துக்கும் 316எல்-16 வகை, பெரும்பாலும் 2.5 மி.மீ. தடிமனில்; படுக்கை நிலையில் நீளமாக ஓட்ட வேண்டிய உட்புறத் தையலுக்கு (பற்றவைத்த கோட்டுக்கு) 316எல்-17; எந்திரத்தின் இரும்புக் கால்களையும் எஸ்.எஸ். உடலையும் இணைக்க 309எல். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக, 304 தகட்டுக்குரிய 308எல் ராடு சாயப்பட்டறைக்குள் நுழையவே கூடாது. ஈசாப், அடோர், டி அண்டு எச் செஷரோன் எனப் பெயர் பெற்ற நிறுவனங்கள் எல்லாமே இந்த வகைகளைத் தருகின்றன. ஆர்க்கின் (ராடு நுனியில் எரியும் மின்சுடரின்) சுபாவத்திலும் ஸ்லாக் (தையலின்மேல் உறையும் கசடு) உரிவதிலும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடுகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் தவறான எண்ணுள்ள பாக்கெட்டை வாங்குவதால் வரும் கேட்டோடு வைத்துப் பார்த்தால் அந்த வேறுபாடுகள் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே இந்த மதிப்பீடு நிறுவனத்தைப் பார்த்துச் செய்ததன்று, எண்ணைப் பார்த்துச் செய்தது.

பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ஈ316எல்-16 என்ற குறி, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் ஏ5.4 வரையறைப்படி வைக்கப்பட்டது. இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 5206 வரையறையும் இவ்வகைப் பூச்சு ராடுகளுக்கு உரியதே. ஈ என்பது மின்முனையையும், 316 என்பது உலோகக் கலவையையும், எல் என்பது படியும் உலோகத்தில் கரியின் அளவு 0.04 சதவீதத்தைத் தாண்டாது என்பதையும் குறிக்கின்றன. கடைசி இரண்டு இலக்கங்கள் பூச்சின் வகையையும், அதை எந்த மின்னோட்டத்தில் ஓட்டலாம் என்பதையும் சொல்கின்றன.

308எல் பற்றி இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அதன் படிவில் குரோமியம் 18 முதல் 21 சதவீதம் வரை இருக்கும், மாலிப்டினம் 0.75 சதவீதத்துக்கு மிகாது, நடைமுறையில் இல்லை என்றே கொள்ளலாம். 316எல் ராடில் குரோமியம் சற்றுக் குறைவாக 17 முதல் 20 வரை இருந்தாலும், மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்கிறது. குளோரைடு நீரில் விழும் குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஒப்பிடப் பொறியாளர்கள் குரோமியத்தோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கைக் கூட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் 308எல் படிவு 20க்கு அருகிலும், 316 தகடு 24 அளவிலும், 316எல் படிவு 26, 27 அளவிலும் நிற்கின்றன. பற்றவைத்த உலோகம் வார்ப்பைப் போல உறைவதால் அதனுள் மாலிப்டினம் சீராகப் பரவுவதில்லை. ஆகவே தகட்டைவிட ராடு சற்றுச் செழிப்பாக இருப்பது வீண் ஆடம்பரம் அன்று. 316 தகட்டில் 308எல் ஓட்டினால் அந்தத் தொட்டியிலேயே மிக எளிதில் அரிக்கக்கூடிய இடம் நாம் போட்ட தையலாகிவிடும். அகன்ற நல்ல தகட்டின் நடுவே குறுகிய பலவீனமான கோடு ஒன்று அமைந்தால், அரிப்பு முழுவதும் அந்தக் கோட்டிலேயே குவியும்.

இதில் தொல்லை என்னவென்றால், இரண்டு ராடுகளின் தையலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆர்க் ஒன்றுபோலவே எரிகிறது, பஃபிங் அடித்தால் பளபளப்பும் ஒன்றுபோலவே வருகிறது. வேறுபாடு தெரிய வரும்போது வேலையை ஒப்பந்தத்தில் எடுத்தவர் பணம் வாங்கிப் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். ஒரே ஒரு வகைதான் வாங்கி வைக்க முடியும் என்ற நிலையில் உள்ள சிறு பட்டறைகளுக்கு என் பரிந்துரை 316எல்தான். அதை 304 தகட்டில் ஓட்டினாலும் பொதுவாகத் தீங்கில்லை. நைட்ரிக் அமிலம் புழங்கும் ஆலைகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே மாலிப்டினம் உதவுவதில்லை, 308எல்லே பொருத்தம்.

எல் என்ற எழுத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. இந்த எஃகு ஏறத்தாழ 425 முதல் 870 டிகிரி வரையிலான வெப்பத்தில் சிறிது நேரம் தங்கினால், அதிலுள்ள கரி குரோமியத்தோடு சேர்ந்து எஃகின் நுண்மணிகளின் ஓரங்களில் கார்பைடாகப் படிகிறது. அந்த ஓரங்களில் குரோமியம் குறைந்துபோவதால், பின்னாளில் தையலை ஒட்டிய தகடு மணி மணியாக உதிரும் அளவுக்கு அரிக்கிறது. கரி குறைவாக இருந்தால் கார்பைடு படிய அவகாசம் போதாது. எல் இல்லாத 316-16 ராடு இன்னும் சில கடைகளில் தேங்கிக் கிடக்கிறது. தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் சாயப்பட்டறைக்கு அது வேண்டாம்.

பூச்சு வகைகளைப் பொறுத்தவரை, வெல்டர்களின் விருப்பமும் வேலையின் தேவையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. 15 என முடியும் ராடு சுண்ணாம்புச் சார்புள்ள காரப் பூச்சு கொண்டது. நேர்மின்னோட்டத்தில், ராடு பாசிட்டிவில் இருந்தால்தான் ஓடும். ஸ்லாக் விரைவாக உறைவதால் குழாயிலும் செங்குத்து நிலையிலும் உருகிய உலோகம் வழியாமல் நிற்கும். ஆனால் தையல் மேடாக, கரடுமுரடாக வரும், தெறிப்பும் அதிகம். 16 என முடிவது ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) பூச்சு, ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும், எந்த நிலையிலும் ஓரளவு பணியும். 17 என முடிவது அதே ரூட்டைலில் ஒரு பங்கைக் குறைத்துச் சிலிக்கா சேர்த்தது. ஈசாபின் ஓகே 63.30 இந்த 316எல்-17 வகையைச் சேர்ந்தது. ஆர்க் மென்மையாகத் தூறலைப்போல் விழுகிறது, அலைவரிகள் நெருக்கமாக அமைகின்றன, ஸ்லாக் பல இடங்களில் தானாகவே சுருண்டு எழுந்துவிடுகிறது. ராடைத் தகட்டின்மேல் லேசாகச் சாய்த்து இழுத்துக்கொண்டே போகலாம் என்பதால், புதிதாகத் தொழில் கற்பவர் கையிலும் தையல் அழகாக வரும்.

அந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. 17 வகையின் ஸ்லாக் மெதுவாக உறைகிறது. கீழிருந்து மேலாக ஏற்றும்போது சற்றே அகலமாக வீச்சுக் கொடுக்காவிட்டால் உலோகம் தொங்கிவிடும். ஆகவே சிறிய அளவுத் தையல் செங்குத்தில் இயலாது. சாயமெஷினின் ஜெட் குழாயைச் சுற்றியுள்ள மூட்டுகளிலும் வெப்பப் பரிமாற்றியின் ஓரங்களிலும் கை நுழைவதே அரிது. வீச்சுக்கு அங்கே இடமில்லை. அவ்விடங்களில் 16 வகை 2.5 மி.மீ. ராடே மேல் என்பது எங்கள் பட்டறையில் பழுத்த கைகளின் ஒருமித்த கருத்து, எனக்கும் அதில் மறுப்பில்லை. வெறும் ஆர்க்கின் இதத்துக்காக 17 வகையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது சோம்பலே.

16 வகை ஏ.சி.யில் ஓடும் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது உண்மையானாலும், பழைய சிறு டிரான்ஸ்பார்மர் மெஷின்களில் திறந்த மின்னழுத்தம் (ஆர்க் எரியாதபோது மெஷின் தரும் வோல்டேஜ்) போதாமல் ஆர்க் அணைந்து அணைந்து எரியும். இன்வெர்ட்டர் மெஷினில் ராடைப் பாசிட்டிவில் வைத்து ஓட்டுவதே முறை. 2.5 மி.மீ. ராடுக்கு 50 முதல் 80 ஆம்பியர் வரையும், 3.15 மி.மீ. ராடுக்கு 80 முதல் 110 வரையும் போதும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது சற்று மாறும். எம்.எஸ். (சாதாரண இரும்பு) ராடு ஓட்டிப் பழகிய கை ஆம்பியரைக் கூட்டி வைப்பது வழக்கம். ஆனால் எஸ்.எஸ். கம்பியின் மின்தடை சாதாரண இரும்பினுடையதைவிடப் பல மடங்கு அதிகம். பாதி எரிவதற்குள் ராடு முழுவதும் பழுத்துச் சிவந்து, பூச்சு வெடித்து உதிர்ந்துவிடும். தகட்டின் நிலையும் அப்படியே: எஸ்.எஸ். வெப்பத்தை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே கடத்துகிறது, ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரிகிறது. சூடு ஓரிடத்திலேயே தேங்கித் தகடு நெளியும். நெருக்கமாக டேக் (சிறு புள்ளிப் பற்று) போடுவதும், குறுகிய ஓட்டங்களாகப் பிரித்துப் போடுவதும், அடுத்த ஓட்டத்துக்கு முன் தகடு 150 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை காத்திருப்பதும் ராடின் தரத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை.

சாயப்பட்டறையில் தையலை மதிப்பிட இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. வேறு எந்தத் தொழிலிலும் அதை இவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள். துணி அந்தத் தையலின்மேல் ஓடுகிறது. ஒரு தெறிப்புத் துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பின்னல் துணியின் நூல் இழுபட்டு, அந்த லாட் முழுவதும் கழிவாகிவிடும். தையலில் ஊசித்துளை ஒன்று இருந்தாலோ, ஓரத்தில் ஸ்லாக் துணுக்கு தங்கியிருந்தாலோ, அதற்குள் கருநீலச் சாயம் புகுந்து தங்கி, அடுத்து ஓடும் வெளிர்நிறத் துணியில் கறையாக இறங்கும். எனவே தெறிப்புக் குறைவும் ஸ்லாக் முழுதாக உரிவதும் இங்கே அழகு பற்றிய பேச்சு அல்ல. இந்த இரண்டிலும் நல்ல நிறுவனங்களின் 316எல்-17 முழு மதிப்பெண் பெறும்; 16 வகை சற்றே பின்தங்கும்; 15 வகையைத் துணி படும் பக்கத்தில் ஓட்டினால் கிரைண்டர் வேலை இரட்டிப்பாகும்.

ஊசித்துளைக்குக் குற்றம் சாட்டப்படுவது பெரும்பாலும் ராடு. உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ஈரம். எஸ்.எஸ். ராடின் பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் பிரித்த பாக்கெட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு அடுத்த வாரம் எடுத்து ஓட்டினால், ஆர்க் தொடங்கும் இடத்தில் எல்லாம் துளைகள் வரும். பாக்கெட்டில் குறிப்பிட்ட வெப்பத்தில், பொதுவாக 250 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், ராடு அடுப்பில் உலர்த்தி எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெற்றிடப் பொதியில் வரும் ராடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் பழுதுவேலை வரும் பட்டறைகள் கூடுதல் விலை கொடுத்து அவற்றை வாங்குவது லாபமே.

வாடிக்கையாளர்கள் காந்தத்தோடு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகட்டில் ஒட்டாத காந்தம் தையலில் லேசாக ஒட்டுவதைக் கண்டு, போலி ராடு போட்டுவிட்டதாகச் சண்டைக்கு வருவோர் உண்டு. நல்ல 316எல் படிவில் சிறிதளவு ஃபெரைட் (காந்தத்தில் ஒட்டும் எஃகுக் கட்டம்) இருக்க வேண்டும் என்றே அதை வடிவமைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் உறையும்போதே தையல் நடுவில் சூடான விரிசல் விழும். காந்தம் மெல்ல இழுபடுவது குறை ஆகாது. இந்த ஃபெரைட்டும் எல்லை மீறக் கூடாது என்பது உயர் வெப்பத்தில் இயங்கும் ஆலைகளின் கவலை. கல்பாக்கத்தின் அணு உலையான முன்மாதிரி வேக ஈனுலையில், நைட்ரஜன் சேர்த்த 316எல்என் எஃகுக் கலத்துக்குள் சூடான பகுதியின் குளிர்விப்புச் சோடியம் 547 டிகிரியில் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அத்தகைய வெப்பத்தில் ஃபெரைட் நாளடைவில் நொறுங்கும் தன்மையுள்ள வேறு கட்டமாக மாறும் என்பதால், மேல் எல்லையும் கீழ் எல்லையும் நெருக்கமாக வரையறுத்த ராடுகளே அங்கே ஏற்கப்படும். சாயப்பட்டறையின் வெப்பத்தில் அந்தக் கவலை நமக்கில்லை.

309எல் ராடு ஏன் தனியாக வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் கணக்கே விடை சொல்லும். அதில் குரோமியம் 22 முதல் 25 வரையும் நிக்கல் 12 முதல் 14 வரையும் இருக்கின்றன. இரும்பையும் 304 தகட்டையும் இணைக்கும்போது தையலில் 30 சதவீதம் தகடுகளிலிருந்து கரைந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், இரும்பின் பங்கு குரோமியத்தையும் நிக்கலையும் நீர்க்கச் செய்து, முடிவில் ஏறத்தாழ 19 சதவீதக் குரோமியமும் 10 சதவீத நிக்கலும் நிற்கும். இது ஆரோக்கியமான கலவை. அதே இடத்தில் 308எல் ஓட்டியிருந்தால் குரோமியம் 16, நிக்கல் 8 என்று சரிந்து, கடினமான, விரிசலுக்கு ஆளாகும் மார்ட்டன்சைட் தோன்றும் எல்லையில் போய் விழும். தையலின் குரோமியம், நிக்கல் அளவைக் கொண்டு அதன் உட்கட்டமைப்பைக் காட்டும், 1949இல் ஷாஃப்லர் வெளியிட்ட வரைபடத்தில் இந்த இரண்டு புள்ளிகளையும் குறித்துப் பார்த்தவர், எந்திரத்தின் கால் முறியும்போது ராடு நிறுவனத்தைத் திட்ட மாட்டார்.

312 வகை பற்றிச் சுருக்கமாக. 29 சதவீதக் குரோமியமும் 9 சதவீத நிக்கலும் கொண்ட இந்த ராடு, எந்த எஃகு என்று தெரியாத உடைந்த தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் அவசரத்தில் கைகொடுக்கும். ஃபெரைட் மிகுதியால் விரிசலை நன்கு தாங்கும். இதையே பளபளக்கும் பெயர்களில், எண் போடாமல், பல மடங்கு விலைக்கு விற்கும் முகவர்கள் பட்டறை பட்டறையாக வருகிறார்கள். எண் சொல்ல மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அதிக வெப்பத்தில் நெடுநாள் இயங்கும் பாகங்களுக்கும் அரிப்புச் சூழலுக்கும் 312 உரியதன்று.

சாயத் தொழிலுக்கு வெளியே இந்தக் குடும்பம் பெரியது: உலைப் பாகங்களுக்கு 310, நயோபியம் சேர்த்த 347 வகை 321 எஃகுக்கு, நீர்மின் டர்பைன்களின் சக்கரங்களுக்கு 410 நிக்கல்மாலி. நமக்கு நேரடியாகத் தேவைப்படக்கூடியது 2209. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2011 உத்தரவுக்குப் பின் திருப்பூர்ப் பட்டறைகள் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத முறைக்கு மாறின; எதிர் சவ்வூடுபரவலில் (ஆர்.ஓ.) மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறார்கள். அவ்வளவு செறிந்த குளோரைடும் வெப்பமும் சேர்ந்தால் 316எல் தகட்டிலேயே அழுத்த அரிப்பு விரிசல் வரும். நல்ல ராடு அதைத் தடுக்காது. அங்கே குளோரைடை இன்னும் நன்கு தாங்கும் டூப்ளெக்ஸ் தகடு இருந்தால் அதற்குரிய 2209 ராடைத்தான் ஓட்ட வேண்டும். 316எல் தகட்டில் திரும்பத் திரும்ப அதே இடத்தில் விரிசல் வந்தால், ராடை மாற்றுவதை விட்டுத் தகட்டை மாற்றுவது பற்றி முதலாளியிடம் பேச வேண்டும்.

பூச்சு ராடுகளின் மிகப் பெரிய குறை அவற்றின் புகைதான், இதில் எந்த நிறுவனத்துக்கும் விலக்கில்லை. பூச்சிலுள்ள பொட்டாசியமும் சோடியமும் குரோமியத்தை ஆறிணைதிற (ஹெக்ஸாவேலன்ட்) என்ற நச்சு வடிவில் புகையோடு அனுப்புகின்றன. ஆர்கான் வாயுவின் காப்பில், பூச்சில்லாத கம்பியால் செய்யும் டிக் வெல்டிங்கில் இது மிகக் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. சாயமெஷினின் உள்ளே ஆள் இறங்கி ராடு ஓட்டும்போது, மூக்கில் துணி கட்டிக்கொள்வது எந்தப் பாதுகாப்பும் அன்று; புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாயும், துகள் வடிகட்டும் முகமூடியும், வெளியே ஒருவர் காவலும் இல்லாமல் இறங்கக் கூடாது. 3 மி.மீ.க்கும் குறைவான தகட்டுக்கும், பட்டறையிலேயே வைத்துச் செய்யக்கூடிய குழாய் வேலைக்கும் டிக் முறையே மேல் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழற்ற முடியாத எந்திரத்தில், காற்றடிக்கும் இடத்தில், ஆர்கான் உருளையை இழுத்துப் போக முடியாத மூலையில்தான் ராடுக்கு இணை இல்லை.

பணியை ஒப்பந்தத்தில் விடும் பட்டறை மேலாளர்களுக்கு ஒரு வழியைச் சொல்கிறேன். தரமான ராடுகளில் பிடிமுனைக்கு அருகே பூச்சின்மேலேயே வகை எண் அச்சிடப்பட்டிருக்கும். ராடு நுனியிலிருந்து எரிந்து வருவதால், தூக்கியெறியும் மிச்சத் துண்டில் அந்த எண் அழியாமல் நிற்கும். வேலை முடிந்ததும் துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தால், பில்லில் எழுதிய 316எல் உண்மையிலேயே எந்திரத்துக்குள் போனதா, அல்லது 308எல் போனதா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். பாக்கெட்டின் பேட்ச் எண்ணுக்குரிய சோதனைச் சான்றிதழை விற்பனையாளரிடம் கேட்டு வாங்குவதும், அதில் மாலிப்டினம் 2 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று பார்ப்பதும், சான்றிதழ் தர இயலாது என்பவரின் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புவதும் மேலாளரின் வேலையே; வெல்டரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.